ஒலிபெருக்கி மட்டும் போதுமா?

வண்டி வரும் நேரத்தில் நடைமேடை மாறுகிறது. ஒலிபெருக்கியில் அறிவித்ததும் கூட்டம் மேம்பாலம் ஏறி ஓடுகிறது. காது கேளாதவர் மட்டும் பழைய இடத்திலேயே நிற்கிறார். அறிவித்தாயிற்று, நம் கடமை முடிந்தது என்றுதான் ரயில்வேயில் பொறியாளனாக இருந்தவரை நானும் எண்ணியிருந்தேன்.

இந்தி தெரியாமல் இந்தப் பக்கம் வந்திறங்கிய நாள் நம்மில் பலருக்கு நினைவிருக்கும். அறிவிப்பு புரியாமல் பக்கத்தில் நின்றவர் முகத்தைப் பார்த்தோம். நமக்கு ஆறு மாதத்தில் மொழி பழகிவிட்டது. அவருக்கு?

2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், தகவல் தொடர்பு என்பதில் எழுத்துக் காட்சி, பிரெய்ல், பெரிய எழுத்து, சைகை மொழி எல்லாவற்றையும் சேர்த்திருக்கிறது. சாய்தளம் கட்டியதோடு சட்டம் நிறைவேறிவிட்டதாக நினைப்பவர்களே அதிகம்.

மின்பலகை இருக்கிறதே என்பீர்கள். குரல் புது எண்ணைச் சொன்ன பிறகும் பலகையில் பழைய எண்ணே நிற்பதைப் பார்த்திருக்கிறேன். முதலில் பலகையை மாற்றி, உடனே மைக்கில் சொல்லவேண்டும். பார்வையற்றவருக்குக் குரல்தானே பலகை! இதற்குப் பெரிய செலவில்லை. வேலையின் வரிசையை மாற்றினால் போதும்.

நம் சங்கப் பொங்கல் விழாவிலும் நிகழ்ச்சி மாற்றங்களை மைக்கில் மட்டுமே சொல்கிறோம். வரும் விழாவுக்கு மேடையருகே ஒரு கரும்பலகை வைக்கலாமே. எழுதிப்போட நான் வருகிறேன்.