100 ரிங்கிட் அபராதம் முதல் 10 ஆண்டு சிறை வரை: ‘சும்மா’ போட்ட கமெண்ட் எப்போது குற்றமாகிறது?

டிக்டாக்கில் ‘ஈஷா’ என்று அறியப்பட்ட ராஜேஸ்வரி அப்பாஹு, 2024 ஜூலை 5-ஆம் தேதி கோலாலம்பூரில் உயிரிழந்தார். இணையப் பகடிவதைக்கு ஆளாகியிருந்த அவர், அதற்கு முன்பே போலீசில் புகார் கொடுத்திருந்தார். இந்த விவகாரத்தில் குற்றத்தை ஒப்புக்கொண்ட ஒரு பெண்ணுக்கு விதிக்கப்பட்ட அபராதம் 100 ரிங்கிட். 1955-ஆம் ஆண்டு சிறு குற்றங்கள் சட்டத்தின் அந்தப் பிரிவில் அதற்கு மேல் விதிக்கவும் வழியில்லை. நூறு வெள்ளிதானா என்று மக்கள் கொதித்துப்போனார்கள்.

இப்போது என்ன மாறியிருக்கிறது?

2025 ஜூலை 11 முதல் குற்றவியல் சட்டத்தில் பகடிவதைக்கென்றே புதிய பிரிவுகள் நடப்பில் உள்ளன.

- வேண்டுமென்றே மிரட்டி, இழிவுபடுத்தி ஒருவரை மனம் நோகச் செய்தால் 3 ஆண்டு வரை சிறை.
- தொல்லை கொடுக்கும் நோக்கத்தோடு ஒருவரின் அடையாள விவரங்களைப் பரப்பினாலும் 3 ஆண்டு வரை.
- தூண்டுதலால் ஒருவர் உயிரை மாய்த்துக்கொள்ள முயன்றாலோ இறந்தாலோ 10 ஆண்டு வரை.

“நான் ஜாலிக்குத்தான் போட்டேன்” என்றால்?

இங்கேதான் கவனம் தேவை. 507சி பிரிவின்படி, நோகடிக்கும் எண்ணம் உங்களுக்கு இருந்தாக வேண்டும் என்பதில்லை. அந்த வார்த்தை எதிரில் இருப்பவரை நோகடிக்கக்கூடியதாக இருந்தாலே போதும். ஓராண்டு வரை சிறை.

‘நமக்கு 18 வயசு ஆகலையே’ என்றும் இருந்துவிட முடியாது. 2025 ஆகஸ்டில் சபாவில் ஐந்து பதின்ம வயதினர் இதே பிரிவின் கீழ் சிறார் நீதிமன்றத்தில் நிறுத்தப்பட்டார்கள். அது இணையத்தில் நடந்ததல்ல, பள்ளியில் பேசியதாகச் சொல்லப்படும் வார்த்தைகள் பற்றியது. ஐவரும் குற்றச்சாட்டை மறுத்தார்கள். ஆனால் வகுப்பு வாட்ஸ்அப் குழுவுக்கும் அதே சட்டம்தான்.

பாதிக்கப்படுவது நீங்கள் என்றால்?

நீங்கள் மட்டும் இல்லை. 2022 தேசிய சுகாதார ஆய்வின்படி, 13 முதல் 17 வயதுள்ளவர்களில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவர் இதை அனுபவித்திருக்கிறார்.

கோபத்தில் உடனே அழித்துவிடாதீர்கள். முதலில் ஸ்கிரீன்ஷாட், கணக்கின் பெயர், தேதி, நேரம் தெரியட்டும். பிறகு பிளாக் செய்யுங்கள். நம்பிக்கையான பெரியவர் ஒருவரிடம் சொல்லி, போலீசிலும் எம்.சி.எம்.சி.யிலும் புகார் கொடுங்கள். ஆதாரம் இல்லாவிட்டால் எவ்வளவு கடுமையான சட்டமும் கைகொடுக்காது.

சட்டம் பெரும்பாலும் நடந்து முடிந்த பிறகுதான் வரும். குழுவில் எல்லோரும் சிரிக்கும்போது “டேய், போதும் விடுடா” என்று சொல்ல நீங்கள் ஒருவர் போதும்.

மனம் தாங்கவில்லையா? பெட்டாலிங் ஜெயாவில் இயங்கும் பிஃப்ரெண்டர்ஸ்: 03-7627 2929. தாலியான் காசே: 15999. இரண்டும் 24 மணி நேரச் சேவை.