கொப்பியைக் கிழிக்குமுன் ஒருமுறை வாசியுங்கள்



அண்மையில் ஒரு தாய் தன் மகளின் அப்பியாசக் கொப்பியோடு என்னிடம் வந்தார். "மௌலவி, இவ படிப்பை விட்டுட்டுப் படக்கதை எழுதுறா. நீங்க சொன்னாத்தான் கேப்பா" என்றார். அருகில் நின்ற பிள்ளை தலை நிமிரவில்லை. நான் கொப்பியை வாங்கி வாசித்தேன்.

முதற் பக்கத்தில் ஹெலிகொப்டர். அடுத்த பக்கத்தில் துப்பாக்கிச் சண்டை. "மகள், இதில் நீ நேரில் கண்ட மனிதர் ஒருவராவது உண்டா?" என்று கேட்டேன். இல்லை என்று தலையசைத்தாள். அவளுக்குச் சொன்னதையே, உங்கள் வீட்டிலும் இந்த ஆசையுள்ள பிள்ளைகள் இருக்கலாம் என்பதால், இங்கே எழுதுகிறேன்.

பெரிய கதை வேண்டாம். ஒரு மனிதரின் சிறிய தேவையும் அதற்கு ஒரு தடையும் போதும். ஈரானிய இயக்குநர் அப்பாஸ் கியாரொஸ்தமி 1970இல் எடுத்த முதற் குறும்படத்தில், ரொட்டியோடு வீடு திரும்பும் சிறுவனை ஒழுங்கையில் ஒரு நாய் மறிக்கிறது. கதை அவ்வளவுதான். மஜீத் மஜீதியின் 'சில்ட்ரன் ஒஃப் ஹெவன்' 1997இல் வெளிவந்தது. தங்கையின் சப்பாத்தைத் தொலைத்துவிட்ட அண்ணன் தன் ஒரே சோடியை அவளோடு மாறி மாறி அணிகிறான். இச்சிறு கதை ஒஸ்கார் பரிந்துரை வரை சென்றது.

சவூதிப் பெண்மணி ஹைஃபா அல் மன்சூர் எடுத்த 'வஜ்தா' (2012) படத்தில் ஒரு சிறுமிக்குச் சைக்கிள் வேண்டும். பணத்துக்காகக் குர்ஆன் ஓதும் போட்டியில் சேருகிறாள். அக்காலத்தில் அந்நாட்டில் பொதுத் திரையரங்குகள் இல்லை; அவை 2018இல்தான் மீண்டும் திறக்கப்பட்டன. ரியாத் தெருக்களில் ஆண்களோடு வெளிப்படையாக நின்று வேலை செய்ய முடியாத இடங்களில், அவர் வேனுக்குள் இருந்து வோக்கி டோக்கி மூலம் படப்பிடிப்பை நடத்தினார். வசதி வரட்டும் என்று அவர் காத்திருக்கவில்லை.

எழுதும்போது கண்ணால் காணக்கூடியதையும் காதால் கேட்கக்கூடியதையும் மட்டும் எழுதுங்கள். 'அவள் வேதனைப்பட்டாள்' என்பதைக் கெமராவால் பிடிக்க முடியாது. 'தட்டைத் தள்ளி வைத்துவிட்டு எழுந்தாள்' என்றால் பிடிக்கலாம். வசனத்தைக் கடைசியில் எழுதுங்கள். வசனமின்றிப் புரிகிற காட்சிக்கு வசனம் எதற்கு? எழுதி முடித்ததும் வீட்டாருக்கு உரக்க வாசித்துக் காட்டுங்கள். அவர்கள் கொட்டாவி விடும் இடத்தை வெட்டுங்கள். முதற் படம் ஐந்து நிமிடத்துக்கு மேல் வேண்டாம். கையிலுள்ள தொலைபேசியே அதற்குப் போதும்.

சில வாரங்களில் அந்தப் பிள்ளை வேறு கொப்பியோடு வந்தாள். கண் பார்வை மங்கியதை வீட்டாருக்கு மறைத்து, விரல் தடவலில் பன் பாய் இழைக்கும் ஒரு மூத்தம்மாவின் கதை. தாய் அதை வாசித்துவிட்டு நெடுநேரம் பேசவில்லை. பின்பு, "என்ட உம்மாவுக்குக் கண் தெரியாதெண்டு எனக்கே தெரியாதே மௌலவி" என்றார்.

ஆகவே தாய்மாரே, பாடப் புத்தகத்தைக் கவனிக்கும்படி பிள்ளையைக் கண்டியுங்கள். அது உங்கள் கடமை. ஆனால் அவள் எழுதிய கொப்பியைக் கிழிக்குமுன் ஒருமுறை வாசியுங்கள். உங்கள் வீட்டில் நீங்கள் காணாத ஒன்றை அவள் கண்டிருக்கலாம்.