பல் மேல் போடும் பழி

புதுச்சேரி உப்பளத்தில் ஆறேழு மாதக் குழந்தை ஒன்று இரண்டு நாள் விடாமல் சிணுங்கினால் போதும், வீட்டுக்கு வருகிறவர்கள் எல்லாரும் காரணம் சொல்லிவிடுவார்கள்: "பல்லு மொளைக்குது." உடம்பு சுடுகிறதா, பல்லு. வயிற்றால் போகிறதா, பல்லு. காதைப் பிடித்து இழுக்கிறதா, அதுவும் பல்லுதான். காரணத்தோடு மருந்தும் கூடவே வரும். ஈறில் கிராம்புத் தைலம் தொட்டு வை, நாக்கில் தேன் தடவு, கையில் வசம்பு வளையல் போடு, உரைமருந்து ஊட்டு, ஹோமியோ இனிப்பு மாத்திரை வாங்கிக் கொடு. கடைசியில் ஓர் உத்தரவாதமும் உண்டு: "எல்லாம் இயற்கைதான், ஒண்ணும் பண்ணாது."

சொல்கிறவர்களின் அன்பில் குறையில்லை. சொல்லப்படும் செய்தியில்தான் குறை. பல் முளைக்கும் வலி சிறியது, சில நாளில் தானே அடங்குவது. அதைத் தணிக்க இயற்கையான வழிகள் இருக்கின்றன. ஆனால் அவை எதுவும் குழந்தையின் வயிற்றுக்குள் போகிறவை அல்ல. உள்ளே போகிற "இயற்கை"யைத்தான் ஒவ்வொன்றாகக் கேள்வி கேட்க வேண்டியிருக்கிறது.

"பல் முளைத்தால் காய்ச்சலும் பேதியும் வரத்தான் செய்யும்"

வராது. அமெரிக்காவின் கிளீவ்லாந்தில் 125 குழந்தைகளின் பெற்றோரைத் தினமும் குறிப்பெழுதச் சொல்லி, 475 பற்கள் வெளிவந்ததைக் கவனித்த ஆய்வு 2000-இல் வெளியானது. பல் வெளிவரும் நாளை ஒட்டிக் கடிப்பது, எச்சில் ஒழுகுவது, ஈறைத் தேய்ப்பது, எரிச்சல்படுவது ஆகியவை கூடின. உடல்சூடு லேசாக ஏறியது. ஆனால் கடும் காய்ச்சலுக்கோ பேதிக்கோ இருமலுக்கோ பல்லோடு தொடர்பு தென்படவில்லை. உலகெங்கும் நடந்த ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்த 2016-ஆம் ஆண்டுக் கட்டுரையும் இதையே சொன்னது: ஈறு உறுத்தல், எரிச்சல், எச்சில் இவைதான் பல்லின் அடையாளங்கள், சூடு சற்று ஏறலாம், காய்ச்சல் என்று சொல்லும் அளவை எட்டாது. அந்த அளவு 100.4 டிகிரி ஃபாரன்ஹீட், அதாவது 38 டிகிரி செல்சியஸ்.

பிறகு ஏன் எல்லா வீட்டிலும் பல்லும் காய்ச்சலும் சேர்ந்தே வருகின்றன? பால்பற்கள் 20. பெரும்பாலான குழந்தைகளுக்கு ஆறாம் மாதத்தை ஒட்டித் தொடங்கி, இரண்டரை மூன்று வயதுக்குள் எல்லாம் வந்துவிடும். அதாவது இரண்டு வருடத்துக்குக் கிட்டத்தட்ட மாதம் ஒரு பல். இந்தக் காலத்தில் குழந்தைக்கு எந்த நோய் வந்தாலும் பக்கத்தில் ஒரு பல் இருக்கத்தான் செய்யும். காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதை.

அந்தப் பருவத்தில் நோய் வருவதற்கு வேறு காரணங்கள் உண்டு. தாயின் உடலிலிருந்து பெற்று வந்த எதிர்ப்பாற்றல் ஆறு மாதத்தை ஒட்டிக் குறைகிறது. தாய்ப்பாலோடு கூழும் சோறும் தண்ணீரும் சேர்கின்றன. குழந்தை தவழ ஆரம்பித்து, தரையில் கிடப்பதையெல்லாம் வாயில் போட்டுக்கொள்கிறது. பேதிக்கான கிருமிகள் இந்த வழிகளில்தான் நுழைகின்றன. எச்சில் ஒழுகுவதுகூட மூன்று நான்கு மாதத்தில், உமிழ்நீர்ச் சுரப்பிகள் சுறுசுறுப்பாகும்போதே தொடங்கிவிடுகிறது. முதல் பல் வர அதன்பின் வாரங்கள், சில சமயம் மாதங்கள்கூட ஆகலாம்.

இந்த மறுப்பு வெறும் தகவல் திருத்தம் இல்லை. "பல்லாலதான் வயித்தால போவுது" என்று ஒரு வீடு முடிவு செய்துவிட்டால், ஓ.ஆர்.எஸ். கரைசல் கொடுக்கத் தாமதமாகும். ஆறு மாதம் கடந்த குழந்தைக்குப் பேதி வந்தால் ஓ.ஆர்.எஸ்., தொடர்ந்து தாய்ப்பால், துத்தநாகம் 10 முதல் 14 நாள் என்பதே உலக சுகாதார நிறுவனத்தின் வழிமுறை. இந்த உப்புச் சர்க்கரைக் கரைசலின் வலிமையை 1971-இல் வங்கதேச அகதிகள் முகாமில் காலரா நோயாளிகளிடம் காட்டியவர் இந்திய மருத்துவர் திலீப் மகலனாபிஸ். இந்த ஊரில் எந்த மருந்துக் கடையிலும் கிடைக்கும் பொட்டலம் அது. பல் மீது போடும் பழி, அந்தப் பொட்டலத்தைப் பிரிக்க விடாமல் கையைப் பிடித்துக்கொள்கிறது.

"காலங்காலமாகச் சொல்வது பொய்யாகுமா?"

ஆகும். காலங்காலமாகச் சொன்னவர்கள் பாட்டிகள் மட்டும் அல்லர், பெரிய மருத்துவர்களும்தான். 16-ஆம் நூற்றாண்டுப் பிரெஞ்சு அறுவை மருத்துவர் அம்புரோஸ் பாரே, பல் வெளிவர முடியாமல்தான் குழந்தை இறக்கிறது என்று நம்பி, ஈறைக் கத்தியால் கீறிவிடச் சொன்னார். அந்த வழக்கம் முந்நூறு ஆண்டுக்கு மேல் நீடித்தது. பிரெஞ்சுக்காரர்கள் 1823-இல் புதுச்சேரியில் மருத்துவப் பள்ளி தொடங்கியபோதும் ஐரோப்பாவில் ஈறு கீறுவது நடப்பில் இருந்த சிகிச்சையே. அந்தப் பள்ளியின் வழிவந்ததுதான் இன்றைய ஜிப்மர். இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 1839-இல் மட்டும் 5,016 மரணங்களுக்குக் காரணம் "பல் முளைத்தல்" என்று அரசுப் பதிவேட்டில் எழுதினார்கள். அந்தக் குழந்தைகளைக் கொன்றது பல் அல்ல. பேதி, நிமோனியா போன்ற தொற்றுகள். பெயர் தெரியாத நோய்க்கெல்லாம் பல்லின் பெயரை வைத்தார்கள்.

அதே காலத்திலிருந்து இன்னொரு பாடமும் உண்டு. பல் முளைக்கும் குழந்தைகளுக்கென்றே கேலமல் என்ற பாதரசப் பொடியை ஐரோப்பாவும் அமெரிக்காவும் ஆஸ்திரேலியாவும் தலைமுறை தலைமுறையாக ஊட்டின. கைகால் சிவந்து, தோல் உரிந்து, வெளிச்சம் தாங்காமல் வாடும் "பிங்க் நோய்" குழந்தைகளைத் தாக்கியது. காரணம் பல காலம் புரியவில்லை. 1940-களின் இறுதியில் அமெரிக்காவின் சின்சினாட்டியில் ஜோசப் வார்க்கனி என்ற மருத்துவர் அந்தக் குழந்தைகளின் சிறுநீரில் பாதரசத்தைக் கண்டுபிடித்தார். 1954-இல் பிரிட்டனில் பல் முளைக்கும் குழந்தைகளுக்கான பொடிகளிலிருந்து பாதரசம் நீக்கப்பட்டது. அந்த நோயும் ஏறக்குறைய மறைந்துபோனது. நூறாண்டுப் பழக்கம் என்பது பாதுகாப்புக்குச் சான்று ஆகாது.

"எங்க காலத்துல எல்லாம் நல்லாத்தானே வளர்ந்தீங்க?" என்று ஆயா கேட்பார். வளர்ந்தவர்களிடம் மட்டுமே அந்தக் கேள்வியைக் கேட்க முடியும். 1971-இல் இந்தியாவில் பிறந்த ஆயிரம் குழந்தைகளில் 129 குழந்தைகள் முதல் பிறந்தநாளைப் பார்க்கவில்லை. 2020-இல் அந்த எண் 28.

"இயற்கைப் பொருள் தீங்கு செய்யாது"

கிராம்பையே எடுத்துக்கொள்வோம். அதிலுள்ள யூஜெனால் உண்மையாகவே மரத்துப்போகச் செய்யும். பல் மருத்துவர்களும் அதைப் பயன்படுத்துகிறார்கள். வேலை செய்கிறது என்பதாலேயே அது மருந்து. மருந்து என்றால் அளவு உண்டு, அளவு மீறினால் நஞ்சு உண்டு. தைலம் குழந்தையின் மெல்லிய ஈறைப் புண்ணாக்கும். விழுங்கினால் கதை இன்னும் மோசம்: ஐந்து முதல் பத்து மில்லி கிராம்புத் தைலம் குடித்த இரண்டு வயதுக் குழந்தை ஆழ்ந்த மயக்கத்துக்குப் போய், வலிப்பு வந்து, கல்லீரல் பாதிக்கப்பட்டதை 1993-இல் பிரிட்டன் மருத்துவர்கள் பதிவு செய்தார்கள். அந்த அளவு, இரண்டு தேக்கரண்டிக்கு மேல் போகாது.

தேன் இதைவிடச் சாதுவாகத் தெரியும். ஆனால் அதில் கிளாஸ்ட்ரிடியம் பாட்டுலினம் என்ற கிருமியின் வித்துகள் இருக்கக்கூடும். பெரியவர்கள் குடலில் அவை முளைக்காது. ஒரு வயது ஆகாத குழந்தையின் குடலில் முளைத்து நஞ்சு சுரக்கும். மலச்சிக்கலில் தொடங்கி, அழுகை மெலிந்து, கழுத்து துவண்டு, மூச்சுத் தசைகள் வரை செயலிழக்கும். வீட்டு அடுப்பின் சூட்டுக்கு அந்த வித்துகள் சாகா. மலைத்தேன், கொம்புத்தேன், பெட்டித்தேன் எதுவானாலும் இந்த விதி ஒன்றே: ஒரு வயது வரை தேன் கூடாது.

"வசம்புக்குப் பிள்ளை வளர்ப்பான் என்றே பெயராச்சே"

வசம்பின் வேரில் பீட்டா அசரோன் என்ற பொருள் உண்டு. ஆய்வக விலங்குகளில் அது புற்றுநோயை உண்டாக்கியதால் 1968-இல் அமெரிக்கா வசம்பை உணவில் சேர்ப்பதைத் தடை செய்தது. நம் பழைய முறையிலேயே வசம்பை அப்படியே கொடுப்பதில்லை; விளக்கில் சுட்டுக் கரியாக்கி, உரைகல்லில் ஒரு இழை இழைத்துத்தான் கொடுப்பார்கள். இப்போது விற்கும் வசம்பு வளையலில் இருப்பதோ சுடாத பச்சை வேர். பல் ஊறும் குழந்தை அதை நாள் முழுக்கச் சப்பிக்கொண்டே இருக்கிறது. எவ்வளவு உள்ளே போனது என்று யாரும் அளக்க முடியாது. பாரம்பரியத்தின் பெயரில் விற்கப்படும் இந்த வளையல், பாரம்பரியம் வைத்த கட்டுப்பாட்டையே மீறுகிறது. அதோடு நூல் அறுந்தால் மணி தொண்டைக்குள் போகும். வெளிநாட்டில் பிரபலமான அம்பர் மணி மாலையும் இதே வகைதான். தூக்கத்தில் அந்த மாலை இறுக்கி 18 மாதக் குழந்தை ஒன்று இறந்த தகவலோடு, பல் முளைக்கும் குழந்தைக்கான நகைகளே வேண்டாம் என்று 2018 டிசம்பரில் அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் எச்சரித்தது.

உரைமருந்திலும் ஜாதிக்காய் இருக்கிறது. அளவு கூடினால் அது மயக்கம் தரும். கல்லில் எத்தனை இழை இழைத்தோம் என்பது கையின் அழுத்தத்தைப் பொறுத்து மாறும். கல்லைக் கழுவிய தண்ணீரின் சுத்தம் தனிக் கேள்வி. ஆறு மாதம் வரை தாய்ப்பால் தவிர வேறெதுவும் தேவையில்லை என்ற விதிக்கும் இது முரண்.

"ஹோமியோ மாத்திரைக்குப் பக்கவிளைவே கிடையாது"

அமெரிக்காவில் பரவலாக விற்ற பல் மாத்திரைகளில் பெல்லடோனா என்ற நச்சுச்செடி சேர்க்கப்பட்டிருந்தது. "நீர்த்துப்போன அளவுதான்" என்று லேபிள் சொன்னது. 2010-இல் ஒரு முறை அவை திரும்பப் பெறப்பட்டன. 2016-இல் மீண்டும் எச்சரிக்கை வந்தது. பத்தாண்டில் 400-க்கு மேற்பட்ட பாதிப்புப் புகார்கள் சேர்ந்திருந்தன. 2017-இல் ஆய்வகச் சோதனையில் மாத்திரைக்கு மாத்திரை பெல்லடோனாவின் அளவு ஏறி இறங்கி, சிலவற்றில் லேபிளில் சொன்னதைவிட மிக அதிகமாக இருந்தது தெரிந்தது. இங்கே விற்கும் மாத்திரைகள் எல்லாம் அப்படித்தான் என்று நான் சொல்லவில்லை. "இனிப்பு உருண்டைதானே" என்ற நம்பிக்கை சோதனைக்கு மாற்று ஆகாது என்கிறேன்.

"கொடுத்ததும் அழுகை நின்றதே, நான் கண்ணால் பார்த்தேன்"

பார்த்தது உண்மை, முடிவுதான் தவறு. ஒரு பல்லின் தொந்தரவு சில நாளே. அது உச்சத்தில் இருக்கும்போதுதான் நாம் மருந்து தேடுகிறோம். அதன்பின் இறங்கத்தான் போகிறது. அந்த இறக்கத்தின் புகழை மருந்து தட்டிக்கொண்டு போகிறது. இன்னொன்று இனிப்பு. பிறந்த குழந்தைக்கு ஊசி போடும் முன் நாக்கில் சர்க்கரைக் கரைசல் வைத்தால் அழுகை குறைவதை மருத்துவர்களே பயன்படுத்துகிறார்கள். தேன், இனிப்பு மாத்திரை, கிரைப் வாட்டர் ஆகியவை உடனே வேலை செய்வதாகத் தோன்றுவதில் இனிப்புக்கும், தூக்கி வைத்துக்கொள்ளும் மடிக்கும் பெரும் பங்கு உண்டு.

"அப்படியானால் மெடிக்கலில் விற்கும் ஜெல்லைத் தடவச் சொல்கிறீர்களா?"

இல்லை. பென்சோகைன் உள்ள ஜெல், ரத்தம் ஆக்சிஜனைச் சுமக்கும் திறனைக் கெடுக்கலாம் என்று அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 2011-லும் 2018-லும் எச்சரித்தது. 2014-இல் லிக்னோகைன் கரைசலையும் பல் முளைக்கும் குழந்தைக்குக் கூடாது என்றது. கோலின் சாலிசிலேட் ஜெல்லை 16 வயதுக்குக் கீழ் தர வேண்டாம் என்று 2009-இல் பிரிட்டன் அறிவித்தது. வேர் என்றாலும் டியூப் என்றாலும் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: எவ்வளவு உள்ளே போகிறது, போனால் என்ன ஆகும்?

உள்ளே எதுவும் போகாத வழிகள் எளியவை. கையைச் சோப்புப் போட்டுக் கழுவி, விரலால் ஈறை மெதுவாக அழுத்தித் தேய்த்துவிடலாம். சுத்தமான துணியை நனைத்துக் குளிரவைத்துக் கடிக்கக் கொடுக்கலாம். உள்ளே திரவம் இல்லாத ரப்பர் வளையத்தை ஃபிரிட்ஜில் வைத்துத் தரலாம். ஃப்ரீசரில் கல்லாக உறைந்தது ஈறைக் காயப்படுத்தும். எச்சிலை அடிக்கடி ஒற்றி எடுத்தால் தாடையில் தடிப்பு வராது. கேரட் துண்டும் ரஸ்க்கும் கடிக்கக் கொடுத்தால் உடைந்து தொண்டையை அடைக்கலாம். இதற்கும் அடங்காத வலி என்றால், எடைக்கேற்பப் பாராசிட்டமால் எவ்வளவு என்று மருத்துவரைக் கேட்டுக் கொடுக்கலாம். சொட்டு மருந்தும் சிரப்பும் ஒன்றல்ல: ஒரு மில்லி சொட்டு மருந்தில் பெரும்பாலும் 100 மில்லிகிராம் இருக்கும்; 125 மில்லிகிராம் சிரப்பிலோ அந்த 125 ஐந்து மில்லிக்கு.

100.4-ஐத் தாண்டிய காய்ச்சல், தண்ணீராகப் போகும் பேதி, நிற்காத வாந்தி, பால் குடிக்க மறுப்பது, சிறுநீர் குறைவது, துவண்டு கிடப்பது, மூச்சு வாங்குவது, இவற்றில் ஒன்று வந்தாலும் அது பல் அல்ல. எல்லைப்பிள்ளைச்சாவடி ராஜீவ் காந்தி அரசு மகளிர் மற்றும் குழந்தைகள் மருத்துவமனையும் கோரிமேடு ஜிப்மரும் உப்பளத்திலிருந்து ஆட்டோ தூரம்தான். அங்கே பார்த்துவிட்டு "ஒன்றுமில்லை, பல்தான்" என்று மருத்துவர் சொன்னால் நிம்மதியாகத் திரும்பலாம். அந்த வாக்கியத்தைச் சொல்ல வேண்டியவர் பரிசோதித்தவர். வாசலில் நின்று பார்த்தவர் அல்ல.