சுருட்டுக்குச் சொல் இல்லையா?

அண்மையில் ஈப்போவில் ஓர் அன்பர் நிக்கராகுவா நாட்டுச் சுருட்டொன்றின் சுவை நயத்தை எனக்கு ஆங்கிலத்தில் விளக்கினார். "இதையெல்லாம் தமிழில் சொல்ல இயலாது" என்று முடித்தார். அவர் தமிழாசிரியர்!

நம் 'சுருட்டு' என்னும் சொல்லையே 17ஆம் நூற்றாண்டில் ஆங்கிலம் 'செரூட்' எனக் கடன் கொண்டது. 1887இல் வெளிவந்த முதல் ஷெர்லாக் ஹோம்ஸ் கதையில் துப்பறிவாளர் இனங்காண்பது திருச்சிராப்பள்ளிச் சுருட்டின் சாம்பலை. பெயர் கொடுத்தவர்களுக்குச் சுவை சொல்லத் தெரியாதா?

சுங்கை சிப்புட் தோட்டத்து லயத்தில், பால்வெட்டு முடிந்து திண்ணையில் அமரும் என் பாட்டனார் முதல் இழுப்பிலேயே தீர்ப்புரைப்பார்: காட்டம், கமறல், நெடி, துவர்ப்பு, "இலை பதமில்லை", "நாக்கிலே சுள்ளுங்குது". எஸ்தெலிச் சுருட்டுக்கு வலுவூட்டுவது செடியின் உச்சியில் வெயிலை நிரம்பக் குடித்த இலை. ஸ்பானிய மொழியில் அதன் பெயர் 'லிகேரோ', பொருளோ 'இலேசானது'! பாட்டனார் அதனைக் காட்டம் என்றிருப்பார். எது பொருத்தம்?

புகைக்கச் சொல்லவில்லை, பாட்டனார் இருமி இருமியே மாய்ந்தார். நான் கேட்பது சொற்களை. கலைச்சொல் இல்லையென மேடைதோறும் புலம்பும் நாம், லயங்கள் இடிந்து செம்பனையாகவும் வீடமைப்புத் திடலாகவும் மாறியபோது, அங்கிருந்த ஒரு கிழவரிடமேனும் ஏடும் எழுதுகோலுமாகச் சென்றோமா?

அன்பரின் பாட்டனாரும் பால்மரம் வெட்டியவர்தாம்.