வெர்டனில் நடந்தது போரில்லை

கிறிஸ்டோபர் லீ 90 வயதைத் தாண்டி, 2013-இல் சார்லமேனாகவே பாடிய மெட்டல் ஆல்பத்தைப் பற்றிப் பேசினால், "பாட்டுதானே, விடுங்க" என்கிறார்கள். எப்படி விடுவது? அதில் சாக்ஸன்களின் படுகொலைக்கென்றே ஒரு பாட்டு இருக்கிறது. 782-இல் வெர்டனில் நடந்தது போரில்லை. சாக்ஸன் பிரபுக்களே பிடித்துக்கொடுத்த 4,500 பேரை ஒரே நாளில் கொன்றார்கள். சொல்வது எதிரியல்ல, பிராங்குகளின் அரசவை ஆண்டுக்குறிப்பு. (எண்ணிக்கை மிகை என்பவர்கள் உண்டு. சரி, பாதியாக்கிக்கொள்ளுங்கள்.)

கிதார் பிரமாதம்தான், மறுக்கலை. சிக்கலே அதுதான். டிரம்ஸ் குதிரையாய் ஓடி, கோரஸ் எழும்பினால் கேட்கிறவன் கை தானாக மேலே போகும். வெற்றியைப் பாடவே உண்டான வடிவம் இது. கைதிகளைக் கொன்றதை இதில் பாடினால் அதுவும் வெற்றியாகத்தானே கேட்கும்? லீ வேறு, தன்னை சார்லமேன் வம்சம் என்று சொல்லிக்கொண்டவர்.