வாப்பாக்கிட்ட சொல்லிராதீங்க டீச்சர்



கொஞ்சம் நீளமான பதிவு. பெண் பிள்ளைகள் இருக்கும் வீட்டார் பொறுமையாக வாசியுங்கள். ஆண் பிள்ளைகள் இருக்கும் வீட்டாரும்தான்.

போன தவணை தரம் 9 பிள்ளை ஒருத்தியின் கையில் ஒரு இங்கிலீஷ் நாவலைக் கண்டோம். தலைப்பைப் பார்த்ததும் சிரிப்பு வந்தது. 'நான் ஒரு சூப்பர் வில்லன் என்று தயவுசெய்து உம்மா வாப்பாவிடம் சொல்லிராதீங்க' என்பதுதான் அதன் அர்த்தம். பிள்ளையிடம் இரவல் வாங்கி, ஸ்டாஃப் ரூமில் நாங்கள் மூன்று பேர் மாறி மாறி வாசித்தோம். வாசித்து முடித்தபோது சிரிப்பு இருக்கவில்லை. இந்தத் தலைப்பில் இருக்கும் வசனத்தை நாங்கள் தமிழில் எத்தனையோ தடவை கேட்டிருக்கிறோம். "வாப்பாக்கிட்ட மட்டும் சொல்லிராதீங்க டீச்சர்."

கதையைச் சுருக்கமாகச் சொல்கிறோம். ரிச்சர்ட் ரொபர்ட்ஸ் எழுதி 2014 இல் வெளியானது. கதை நடப்பது அமெரிக்காவின் லொஸ் ஏஞ்சல்ஸில். பெனலபி என்ற பள்ளிக்கூடப் பிள்ளை, வீட்டில் பென்னி. அவளுடைய தாயும் தகப்பனும் ஓய்வு பெற்ற சூப்பர் ஹீரோக்கள். தகப்பன் பெரிய கண்டுபிடிப்பாளர். தாய் கணக்குப் போட்டே குற்றவாளிகளின் அடுத்த நகர்வைச் சொல்லிவிடக் கூடியவர். மகளுக்கும் ஒரு ஆற்றல் இருக்கிறது, அவளுக்கே விளங்காத இயந்திரங்களையெல்லாம் செய்துவிடுவாள். தாய் தகப்பனைப் போல நல்லது செய்ய வேண்டும் என்பதுதான் அவளுடைய ஆசை.

ஒரு நாள் ஒரு ஹீரோவின் உதவியாளாக இருக்கும் பெண் பிள்ளை வலியச் சண்டைக்கு இழுக்கிறாள். பென்னியும் இரண்டு கூட்டாளிகளும் திருப்பி அடிக்கிறார்கள். அவ்வளவுதான், 'வில்லன்கள்' என்ற பெயர் விழுந்துவிடுகிறது. அதற்குப் பிறகு பென்னி போடும் கணக்கு இதுதான்: முதலில் பெயரைச் சரிசெய்துகொள்வோம், பிறகு வீட்டில் சொல்வோம். சரிசெய்யப் போய் இன்னொரு பிழை. அதை மறைக்க இன்னொன்று. இதற்கிடையில் அந்தப் பிள்ளை ஒன்றைக் கண்டுபிடிக்கிறாள், வில்லன் வேலை தனக்கு நன்றாக வருகிறது! நல்ல பிள்ளை என்ற பெயரைக் காப்பாற்ற அவள் பாடுபட வேண்டியிருந்தது. கெட்ட பிள்ளை என்ற பெயரோ சும்மாவே கிடைத்துவிட்டது, அதில் கைதட்டலும் இருந்தது.

இதில் எங்களை யோசிக்க வைத்த விஷயம் ஒன்று இருக்கிறது. பென்னியின் தாய் தகப்பன் கெட்டவர்கள் இல்லை. அடிப்பதில்லை, பிள்ளையைக் கவனிக்காமல் விடுவதுமில்லை. மகள் மேல் உயிராக இருக்கிறார்கள். ஊரே மதிக்கும் மனிதர்கள். அவள் மறைத்ததற்குக் காரணமே அதுதான். நல்ல பெயர் எடுத்த வீட்டில் கெட்ட செய்தியைக் கொண்டுபோய் வைக்க அந்தப் பிள்ளைக்கு இடம் தெரியவில்லை. ஊரில் உள்ள குற்றவாளியையெல்லாம் கணக்குப் போட்டுப் பிடித்த தாய், தன் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் இருந்தவளை அடையாளம் காணவில்லை. தன் பிள்ளை அப்படி இருக்க மாட்டாள் என்று அவர் நம்பியிருந்தார்.

எங்கள் ஊர்களிலும் இதுதான் நடக்கிறது. ஒழுங்கில்லாத வீட்டுப் பிள்ளைகள்தான் மறைக்கும் என்று நாம் நினைக்கிறோம். எங்களிடம் வந்து அழுத பிள்ளைகளை நினைத்துப் பார்த்தால், பள்ளிவாசல் நிர்வாகத்தில் இருப்பவரின் மகள், மௌலவியின் மகள், எங்களைப் போன்ற டீச்சர்மாரின் மகள் என்று பலர் இருக்கிறார்கள். வாப்பாவின் பெயர் பெரிதாக இருக்க இருக்க, பிள்ளையின் வாய் மூடிக்கொள்கிறது.

ஒரு பிள்ளையைப் பற்றிச் சொல்கிறோம். யார், எந்த வருடம், எந்த ஊர் என்று கேட்காதீர்கள், சொல்ல மாட்டோம். வீட்டுக்குத் தெரியாமல் வேறு பெயரில் ஒரு எக்கவுன்ட் வைத்திருந்தாள். அதில் பெரிய பாவம் ஒன்றும் இருக்கவில்லை. படம் கீறுவாள், அதைப் போடுவாள், நாலு பேர் நல்லா இருக்கு என்று எழுதுவார்கள். அப்படி எழுதிய ஒருவனை நம்பி, ஒரு கலியாண வீட்டில் எடுத்த தன் படத்தை அனுப்பிவிட்டாள். பிறகு அவன் அதை வைத்து மிரட்டத் தொடங்கினான். முதலில் ரீலோட் போடச் சொன்னான், பிறகு காசு கேட்டான், பிறகு வேறு படம் கேட்டான். நாலு மாதம். வகுப்பில் அவள் புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டு ஒரு பக்கத்தையே பார்த்துக்கொண்டிருப்பாள். சுகமில்லையாக்கும் என்று நாங்களும் விட்டுவிட்டோம். அந்தப் பிழை எங்களுடையது.

ஒரு நாள் வாய் திறந்தாள். முதல் வசனமே தலைப்பில் உள்ளதுதான். ஏன் சொல்லக்கூடாது என்று கேட்டோம். "வாப்பா அடிக்க மாட்டாங்க டீச்சர். ஸ்கூலை நிப்பாட்டுவாங்க. மாப்பிள்ளை பார்ப்பாங்க" என்றாள்.

மிரட்டியவனைவிட அவள் பயந்தது இதற்குத்தான். மிரட்டுபவனின் கையில் இருந்த உண்மையான ஆயுதம் அந்தப் படமா? எங்களுக்கு அப்படித் தோன்றவில்லை. 'இவள் வீட்டில் சொல்ல மாட்டாள்' என்ற நம்பிக்கைதான் அவனுடைய ஆயுதம். அதை அவன் கையில் கொடுத்தது யார் என்று நாம்தான் நம்மைக் கேட்டுக்கொள்ள வேண்டும்.

அவளுடைய சம்மதத்தோடு உம்மாவையும் வாப்பாவையும் கூப்பிட்டுப் பேசினோம். விஷயத்தைக் கேட்டதும் வாப்பா கேட்ட முதல் கேள்வி, "யார் யாருக்குத் தெரியும்?" உம்மா கேட்ட முதல் கேள்வி, "நாலு மாசமா தனியாவா மகள் இருந்த?"

வாப்பாவைக் குறை சொல்ல வரவில்லை. அவர் நல்ல மனிதர், பிறகு மகளுக்காக ஓடித் திரிந்ததும் அவர்தான். ஆனால் அந்த இரண்டு கேள்விகளையும் மகள் கேட்டுக்கொண்டிருந்தாள். அவள் அழத் தொடங்கியது இரண்டாவது கேள்விக்குத்தான்.

"அப்படியென்றால் பிள்ளைகளைக் கேள்வி கேட்காமல் விடச் சொல்கிறீர்களா?" என்று சிலர் கேட்பீர்கள். இல்லை. பென்னி செய்ததும் பிழைதான், எங்கள் பிள்ளைகள் செய்வதும் சில நேரம் பிழைதான். பிழையைப் பிழை என்று சொல்ல வேண்டும். ஆனால் எப்போது சொல்வது என்று ஒன்று இருக்கிறது. நெருப்புப் பிடித்த வீட்டில் முதலில் ஆளைத்தான் வெளியே எடுப்போம். அடுப்பை மூடாமல் விட்டது யார் என்பதைப் பிறகு பேசலாம்.

நாம் எல்லோரும் ஓதும் சூரா யூசுபை நினைத்துப் பாருங்கள். சின்னப் பிள்ளையான யூசுப் (அலை) ஒரு பெரிய கனவைக் கண்டதும் முதலில் போய்ச் சொன்னது தகப்பனிடம். யஃகூப் (அலை) அதைக் கேலி செய்யவில்லை, பொய் என்றும் சொல்லவில்லை. கேட்டார், நம்பினார், இதைச் சகோதரர்களிடம் சொல்ல வேண்டாம் என்று புத்தி சொன்னார். அந்த இரகசியம் தகப்பனிடமிருந்து மறைத்த இரகசியமாக இருக்கவில்லை, தகப்பனும் பிள்ளையும் சேர்ந்து காத்த இரகசியமாக இருந்தது. அதே வீட்டில் மூத்தவர்கள் செய்ததை மறைத்து, இரவில் அழுதுகொண்டு வந்து ஓநாய்க் கதை சொன்னார்கள். அவர்கள் கடைசியில் குற்றத்தை ஒப்புக்கொண்டு வந்தபோதும் தகப்பன் கதவை அடைக்கவில்லை, அவர்களுக்காகப் பாவமன்னிப்புக் கேட்பதாகச் சொன்னார். இந்தச் சூராவை ஓதும் நம்முடைய வீட்டில், கனவையும் பிழையையும் கொண்டுவந்து சொல்ல நம் பிள்ளைக்கு இடம் இருக்கிறதா?

இதே 2014 இல் மார்வெல் கொமிக்ஸ் ஒரு முஸ்லிம் பெண் பிள்ளையைத் தனிக் கதைத்தொடரின் நாயகியாக்கியது. கமாலா கான், நியூ ஜெர்சியில் வாழும் பாகிஸ்தான் குடும்பத்துப் பிள்ளை. 2022 இல் அது தொலைக்காட்சித் தொடராகவும் வந்தது, எங்கள் பிள்ளைகள் பலர் பார்த்திருக்கிறார்கள். அவள் வில்லன் இல்லை, ஆனால் அவளும் வீட்டுக்குத் தெரியாமல் இன்னொரு பெயரில் இயங்குபவள்தான். கொமிக்ஸில் பெற்றோர் அவளைப் பள்ளிவாசல் ஷெய்கிடம் அனுப்புகிறார்கள். பெரிய பயான் ஒன்று காத்திருக்கிறது என்று பயந்துதான் போகிறாள். அவரோ, செய்வதை நேர்மையோடு செய், உனக்கு வழிகாட்ட ஒரு ஆசிரியரைத் தேடிக்கொள் என்கிற மாதிரிப் பேசி அனுப்புகிறார். பின்னால் ஒரு நாள் உம்மாவிடம் உண்மையைச் சொல்லப் போனால், உம்மாவுக்கு முன்பே தெரிந்திருக்கிறது. பென்னிக்கும் கமாலாவுக்கும் உள்ள முக்கிய வித்தியாசம் ஆற்றலில் இல்லை. கமாலாவைச் சுற்றி, கேட்டதும் உடைந்து போகாத பெரியவர்கள் இரண்டு மூன்று பேர் இருந்தார்கள்.

இனி, நாம் செய்யக்கூடியவை.

பிள்ளை வந்து சொன்னால், அந்த நாளில் ஏச வேண்டாம். சொன்னதற்கு நன்றி சொல்லுங்கள். ஸ்கூலை நிறுத்த மாட்டோம் என்று முதலிலேயே வாக்குக் கொடுங்கள், கொடுத்தால் காப்பாற்றுங்கள். மிரட்டுபவனுக்குக் காசு கொடுக்க வேண்டாம், கொடுத்தால் இன்னும் கேட்பான். கோபத்தில் போனை உடைக்கவோ மெசேஜ்களை அழிக்கவோ வேண்டாம், அவைதான் சாட்சி. தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையின் 1929 என்ற இலக்கத்துக்கு எடுங்கள், தமிழிலும் பேசலாம்.

பிள்ளை 18 வயதுக்குக் குறைந்திருக்கும்போது எடுத்த அந்தரங்கப் படம் இணையத்தில் வரும் என்ற பயம் இருந்தால், 'டேக் இட் டவுன்' என்றொரு இலவச சேவை இருக்கிறது. பெயர் கொடுக்கத் தேவையில்லை. படம் போனைவிட்டு வெளியே போகாது, அதன் எண் அடையாளம் மட்டும்தான் போகும். பேஸ்புக், இன்ஸ்டகிராம், டிக்டொக் போன்ற தளங்கள் அந்த அடையாளத்தை வைத்துப் படத்தைக் கண்டுபிடித்து நீக்கப் பார்க்கும்.

ஆனால் வட்ஸ்அப்பில் ஆளுக்கு ஆள் அனுப்புவதை அந்தச் சேவையால் தடுக்க முடியாது. அதைத் தடுக்கக் கூடியவர்கள் நாம்தான். ஊர் குரூப்பில் ஒரு பிள்ளையின் ஸ்கிரீன்ஷொட் வந்தால், 'பார்த்தீங்களா, இன்னாரின் மகள்' என்று போர்வர்ட் பண்ணும் ஒவ்வொருவரும் மிரட்டியவனின் மீதி வேலையைச் செய்து கொடுக்கிறோம். பிறருடைய குறையை மறைக்கச் சொல்லும் மார்க்கத்தைப் பின்பற்றும் நமக்கு இதைச் சொல்லித் தர வேண்டியதில்லை. மகன் செய்தால் 'வயசுக் கோளாறு', மகள் செய்தால் 'குடும்ப மானம்' என்று இரண்டு தராசு வைத்திருப்பதையும் விட வேண்டும். ஒரு பிள்ளைக்குக் கெட்ட பெயரைச் சூட்டிவிட்டால், அதைத் தவிர வேறு பெயர் தனக்கு இல்லை என்று அந்தப் பிள்ளையே நம்பத் தொடங்கும். பென்னிக்கு நடந்தது அதுதான்.

அந்தப் பிள்ளை பற்றிக் கேட்பீர்கள். அல்ஹம்துலில்லாஹ், ஸ்கூலை நிறுத்தவில்லை. ஓ/எல் எழுதினாள். இப்போதும் படம் கீறுகிறாள், உம்மாவுக்குத் தெரிந்த எக்கவுன்டில், இன்னும் அதே வேறு பெயரில்தான். அந்தப் பெயரை வைத்திருக்கச் சொன்னது வாப்பா.

இன்றிரவு சாப்பிடும்போது பிள்ளையிடம் ஒன்றே ஒன்று சொல்லுங்கள். "என்ன நடந்தாலும் முதல்ல எனக்கிட்ட வா. நான் முதல்ல ஏச மாட்டேன்." சொல்வது லேசு. வரும் நாளில் அதைக் காப்பாற்றுவது கஷ்டம். அந்தப் பொறுமையை அல்லாஹ் நம் எல்லோருக்கும் தருவானாக. ஆமீன்.