மார்பு சொன்ன சாட்சி

சுவாசகாசமென்னும் ஆஸ்துமாவின் கொடுமை, அது வந்தவனுக்கும், அவன் பக்கத்தில் படுத்துத் தூக்கம் கெட்டவர்களுக்கும்தான் தெரியும். நடுராத்திரியில் எழுந்து உட்கார்ந்து, இரண்டு கைகளையும் ஊன்றிக்கொண்டு, ஒரு மூச்சுக்காகத் தன் பலத்தையெல்லாம் செலவழிப்பான். அச்சமயம் எவன் எதைக் கொடுத்தாலும் விழுங்குவான். எதைக் கட்டச் சொன்னாலும் கட்டிக்கொள்ளுவான். இவ்வியாதி சில தடவை உயிரைக் கொண்டுபோகும். பல தடவை தானாகவே தணிந்துவிடும். தணிந்தால் பெருமை தாயத்துக்காரனுக்கு; தணியாவிட்டால் பழி நோயாளியின் தலைவிதிக்கு! ஆகவேதான் ரகசிய மருந்துக்காரர்களுக்கு இதைப்போல் பிழைப்புக் கொடுத்த வியாதி அதிகமில்லையென்கிறோம்.

இவ்வியாதியை ஒருவர் எப்படி விசாரித்தார் என்பதை வாசகர்கள் அறியவேண்டும். அவர் டாக்டர் ரோஜர் அல்டூனியன். 1922-ல் சிரியாவில் பிறந்தவர். ஆர்மீனிய வம்சம், பாட்டனாரும் தகப்பனாரும் அலெப்போ நகரத்து வைத்தியர்கள். இரண்டாவது உலக யுத்தத்தில் பிரிட்டிஷ் விமானப்படையில் விமானம் ஓட்டினார். பிறகு வைத்தியராகி, 1956-ல் இங்கிலாந்தில் ஒரு மருந்துக் கம்பெனியின் ஆராய்ச்சிசாலையில் சேர்ந்தார். அவருக்கே ஆஸ்துமா உண்டு.

எகிப்து ஜனங்கள் கெல்லா என்ற செடியின் விதையை நெடுங்காலமாக மருந்தாக உபயோகித்து வந்தார்கள். அதன் சத்து சதையின் இறுக்கத்தைத் தளர்த்தும், ஆனால் குமட்டும். கம்பெனியின் ரசாயன நிபுணர்கள் அதை மாற்றி மாற்றிப் புதுப்பொருள்கள் செய்தார்கள். பழமையானதென்று கும்பிட்டு நிற்கவுமில்லை, நாட்டுமருந்தென்று தூக்கியெறியவுமில்லை.

இவைகளை வழக்கப்படி கினிப்பன்றி என்னும் சிறு பிராணிக்குக் கொடுத்துப் பார்ப்பார்கள். அதற்கு வரவழைக்கும் இரைப்பு வேறு, மனிதனின் ஆஸ்துமா வேறு என்பது அல்டூனியனின் அபிப்பிராயம். அவருக்கோ அப்பிராணியின் ரோமமே ஆகாது. ஆகவே அந்த ரோமத்தின் சாரத்தைத் தாமே சுவாசித்து, வேண்டுமென்றே இரைப்பை வரவழைத்துக்கொண்டு, புதுப்பொருள்களை ஒவ்வொன்றாகத் தம் மார்பிலேயே சோதித்து, மூச்சை அளந்து எழுதிவைத்தார். ஒரு நாள் இரண்டு நாளல்ல. வருஷக்கணக்காக, நூற்றுக்கணக்கான பொருள்களை! கடைசியில் 1965-ல் கிடைத்ததுதான் குரோமோகிளைகேட் என்ற மருந்து. வந்துவிட்ட இரைப்பை அது நிறுத்தாது; முன்கூட்டியே உள்ளே இழுத்தால் வரவிடாமல் தடுக்கும். அந்தப் பொடியை மார்புக்குள் செலுத்த ஒரு கருவியும் வந்தது. விமானத்தின் சுழல்விசிறியைப்போல் அதற்குள் ஒரு சிறு விசிறி; நோயாளி இழுக்கும் மூச்சிலேயே அது சுழன்று பொடியைத் தூவும். விமானமோட்டியின் புத்தி!

நிற்க, நாம் முக்கியமாகக் கருதுவது இனிமேல்தான். சொந்த மார்பே சாட்சி சொன்ன பிறகு வேறென்ன ருஜு வேண்டுமென்று சிலர் கேட்கலாம். நம் ஊர்ச் சாமியாராயிருந்தால், "நான் அனுபவித்தேன், நீ நம்பு" என்பதோடு காரியம் முடிந்திருக்கும். அல்டூனியன் அப்படிச் செய்யவில்லை. அவரும் ஹோவெல் என்ற டாக்டரும் மருந்து சேர்ந்த பொடி எது, சேராத பொடி எது என்பது கொடுப்பவருக்கும் தெரியாமல், வாங்குபவருக்கும் தெரியாமல் நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். ஏன்? நம்பிக்கையாலேயே சிலருக்குச் சற்று சுகம் தோன்றும். டாக்டரின் ஆசையும் கணக்கைக் கெடுக்கும். இரண்டு பேருடைய நம்பிக்கையையும் கழித்த பிறகு மிஞ்சுவது எதுவோ அதுவே மருந்தின் வேலை. மிஞ்சிற்று. அதை 1967-ல் லான்செட் என்ற வைத்தியப் பத்திரிகையில், யாரும் தப்புக் கண்டுபிடிக்கலாமென்று பகிரங்கமாக அச்சிட்டார்கள். 1968-ல் மருந்து விற்பனைக்கு வந்தது.

அது எல்லோருக்கும் பலிக்கவில்லையென்பதும் உண்மை. 1972 முதல் உள்ளே இழுக்கும் ஸ்டிராய்டு மருந்துகள் வந்து, ஆஸ்துமாவைத் தடுப்பதில் இன்னும் நன்றாக வேலை செய்ததால், அதற்கிருந்த முதல் ஸ்தானம் போய்விட்டது. போதவில்லையென்று ஓய்வு கொடுக்கப்பட்ட மந்திரம் ஒன்றையாவது வாசகர்கள் கேள்விப்பட்டதுண்டா? அல்டூனியன் 1987-ல் காலமானார். அவருடைய மருந்து இன்று ஒவ்வாமையால் வரும் கண் அரிப்புக்குச் சொட்டு மருந்தாக உபயோகப்பட்டு வருகிறது.